அழித்தால் போய்விடாது: எடிட்டர் கான்ஃபிக்கை ரெப்போவில் போடும் முன்

கோடு எழுதும் எடிட்டரின் கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்புகளை), மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் உடனே வேலையைத் தொடங்கலாம் என்று எங்கள் துறையில் எல்லோரும் சொல்கிறோம். அதைக் கேட்டு கான்ஃபிக் ஃபோல்டரை அப்படியே அள்ளி ரெப்போவில் (கிட்டின் சேமிப்பகத்தில்) கொட்டுபவர்கள் பெருகிவிட்டார்கள். உள்ளே ஏபிஐ கீ (ஒரு சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறியீடு) இருக்கிறதே என்று காட்டினால் வரும் பதிலும் ஒன்றேதான்: "அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி கமிட் போட்டுவிட்டேன், இனி பிரச்சினை இல்லை."

பிரச்சினை இருக்கிறது. பழையதைக் காப்பாற்றி வைப்பதுதான் கிட்டின் வேலையே. நீங்கள் அழித்த வரி முந்தைய கமிட்டில், அதாவது முன்பு பதிந்த நிலையில், பத்திரமாக இருக்கிறது. கமிட்களைப் பட்டியலிடும் கிட் லாகில் (git log) மாற்றங்களைக் காட்டச் சொன்னால், அந்தக் கீ கழித்தல் குறியோடு தனியாகத் தெரியும். தேடுபவருக்கு நீங்களே இடத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி. ரெப்போவை பிரைவேட்டாக மாற்றினாலும் அதற்குள் க்ளோன் செய்தவரிடம் ஒரு பிரதி போயிருக்கும். கமிட் ஹிஸ்டரியையே திருத்தி, சர்வரில் இருப்பதன் மேல் கட்டாயமாக எழுதும் ஃபோர்ஸ் புஷ் செய்தாலும் பிறர் தங்கள் கணக்கில் எடுத்த ஃபோர்க்கில் (நகலில்) இருப்பது போகாது. எனவே முதல் வேலை, கீயைக் கொடுத்த சேவைக்குப் போய் அதை ரத்து செய்வது. புதிய கீ வாங்குவது இரண்டாவது. ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வது அதற்கும் பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கீ மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். விஎஸ் கோட் எடிட்டரில் செட்டிங்ஸ் கோப்பு இருக்கும் யூசர் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். பக்கத்திலேயே ஹிஸ்டரி என்றொரு ஃபோல்டர் இருக்கும். நீங்கள் சேவ் செய்த கோப்புகளின் பழைய பிரதிகள் அதில்தான் சேர்கின்றன. அலுவலகத்துக் கோடும் அதில் அடக்கம். விம் எடிட்டரின் விம்இன்ஃபோ கோப்பில் ஓட்டிய கட்டளைகள் மட்டுமல்ல, யாங்க் (காப்பி) செய்த வரிகளும் பதிவாகும். பாஸ்வேர்ட் இருந்த வரியை யாங்க் செய்திருந்தால் அதுவும் அங்கே இருக்கக்கூடும். அன்டூ கோப்புகளை விம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். அழித்த எழுத்தை மீட்டுத் தருவதற்காகவே அவை இருக்கின்றன. ஈமேக்ஸ் எடிட்டர்காரர்களுக்கு வேறு தொல்லை: பேக்கேஜ்கள், கம்பைல் ஆன கோப்புகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் குவிந்துவிடும். ஒரு ப்ராசஸருக்காக நேட்டிவாகக் கம்பைல் ஆனது வேறு வகை ப்ராசஸரில் ஓடாது.

நீங்கள் கையால் எழுதியது மட்டும் ரெப்போவுக்குப் போனால் போதும். எவற்றைச் சேர்க்கக் கூடாது என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்இக்னோர் கோப்பில் வேண்டாதவற்றைப் பட்டியலிடுவதை விட்டுவிடுங்கள். நாளைக்கு ஒரு ப்ளகின் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கினால் பட்டியல் தோற்றுவிடும். முதல் வரியில் * போட்டு எல்லாவற்றையும் தடுங்கள். அடுத்த வரியில் !*/ போட்டு ஃபோல்டர்களுக்கு வழிவிடுங்கள். பிறகு வேண்டிய ஒவ்வொரு கோப்பையும் ! போட்டுச் சேருங்கள். ஏற்கெனவே கமிட் ஆன கோப்பை கிட்இக்னோர் கண்டுகொள்ளாது. அதை கிட் ஆர்எம் கட்டளையோடு கேஷ்ட் ஆப்ஷன் கொடுத்து (git rm --cached) எடுக்க வேண்டும். டிஸ்கில் கோப்பு அப்படியே இருக்கும்.

கீ, ப்ராக்ஸி, ஃபான்ட் அளவு போல கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறுபவற்றை லோக்கல் கோப்பு ஒன்றில் எழுதி, அது இருந்தால் மட்டும் படிக்கும்படி விம்மின் கான்ஃபிக் கோப்பான விம்ஆர்சியின் கடைசியில் ஒரு நிபந்தனை வையுங்கள். அந்தக் கோப்பு ரெப்போவுக்குள் வரவே கூடாது.

விண்டோஸில் எழுதியதை லினக்ஸில் திறந்ததும் விம்மில் வரிக்கு வரி ஈ492 (இது கட்டளை அல்ல) என்ற பிழையும் ^எம் குறியும் வந்தால் ப்ளகினைக் குறை சொல்லாதீர்கள். வரி முடிவு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கிட்ஆட்ரிப்யூட்ஸ் கோப்பில் எல்லாவற்றுக்கும் எல்எஃப் (லினக்ஸின் வரி முடிவு) என்று ஒரு வரி போட்டு, ஏற்கெனவே உள்ள கோப்புகளை கிட் ஆட் கட்டளையோடு ரீநார்மலைஸ் ஆப்ஷன் கொடுத்து மறுபடி கமிட் செய்தால் தீர்ந்துவிடும். ரெப்போவில் உள்ள கோப்பை எடிட்டர் தேடும் இடத்தோடு இணைக்கும் சிம்லிங்க்கை விண்டோஸில் உருவாக்க டெவலப்பர் மோடோ அட்மின் உரிமையோ தேவை. ப்ளகின் மேனேஜர், ப்ளகின்களின் வெர்ஷனைப் பதிந்துவைக்கும் லாக் (lock) கோப்பு எழுதினால் அதைக் கட்டாயம் கமிட் செய்யுங்கள். இல்லையென்றால் இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு வெர்ஷன் ஓடும், ஒன்றில் மட்டும் உடையும். ஹோம் டைரக்டரியிலேயே சாதாரணமாக கிட் இனிட் செய்து அதையே ரெப்போவாக்குவதைத் தயவுசெய்து தவிருங்கள். கவனக்குறைவாக ஒரு கிட் க்ளீன் ஓடினால் ரெப்போவில் சேராத சொந்தக் கோப்புகள் போய்விடும், மீட்க வழியில்லை.

முதல் புஷ்ஷுக்கு (சர்வருக்கு அனுப்புவதற்கு) முன், ரெப்போவில் சேர்ந்த கோப்புகளைப் பட்டியலிடும் கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் ஓட்டி, வரும் பட்டியலை முழுதாகப் படியுங்கள். நீங்கள் எழுதாத கோப்பு ஒன்று கண்ணில் பட்டாலும் திறந்து பார்த்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.