அப்பாவுக்கு எந்த மருந்து என்று குலுக்கல் போடலாமா?

வாசகி ஒருவர் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். அப்பாவை இதய வார்டில் சேர்த்திருக்கிறார்களாம். ஒரு மருத்துவ ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்டிருக்கிறார்கள். சேர்ந்தால் புது மருந்தா, வழக்கமான மருந்தா என்பதை டாக்டர் முடிவு செய்ய மாட்டார், கம்ப்யூட்டர் குலுக்கல் போட்டுச் சொல்லும் என்றார்களாம். இவ்வளவு படித்த டாக்டர் பக்கத்திலேயே இருக்கும்போது குலுக்கல் எதற்கு, உயிர் என்ன சீட்டுக் கம்பெனியா என்பது அவருடைய கேள்வி.

கேள்வி நியாயமானது. பதிலுக்கு நல்ல உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம், சென்னை சேத்துப்பட்டிலேயே இருக்கிறது.

1950களில் காசநோய் வந்தால் சானடோரியத்துக்குத்தான் அனுப்புவார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாக, காற்றோட்டமான கட்டடம், மாதக்கணக்கில் படுக்கையில் ஓய்வு, பால், முட்டை என்று சத்தான சாப்பாடு. 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தின் பெயர் ரயில் நிலையத்தின் பெயராக இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படுக்கைகள் கொஞ்சம், நோயாளிகளோ நாடு முழுக்க லட்சக்கணக்கில். அதற்குள் ஐசோனியசிட், பாஸ் போன்ற மருந்துகள் வந்துவிட்டன. அப்படியானால் வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா? கூடாது என்றுதான் அன்றைய பெரிய டாக்டர்கள் பலர் நினைத்தார்கள். ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, கொஞ்சம் தெம்பு வந்ததும் வேலைக்கு ஓடும் நிலைமை. இதில் எங்கே குணமாவது? போதாக்குறைக்கு வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளாதா?

இதைச் சோதித்தே பார்த்துவிடலாம் என்று 1956-இல் சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கினார்கள். அன்றைய மதராஸ் மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்), உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து ஏற்படுத்தியது அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் முன்னின்று நடத்தினார். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். எல்லோருக்கும் அதே ஐசோனியசிட், அதே பாஸ், ஒரு வருடம். ஒரு பாதிக்கு வீட்டில், மறுபாதிக்கு சானடோரியத்தில். யார் எங்கே என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்தது.

ஏன் டாக்டரிடம் விடவில்லை? விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரத்தம் கக்கிக்கொண்டு வருபவரைப் பார்த்ததும் எந்த டாக்டருக்கும் சானடோரியத்தில் சேர்க்கத்தான் மனசு வரும். ஓரளவு திடமாக நடந்து வருபவரை வீட்டுக்கு அனுப்புவார். ஒரு வருடம் கழித்துக் கணக்கெடுத்தால் வீட்டுச் சிகிச்சை ஜெயித்ததுபோலத் தெரியும். உண்மையில் ஜெயித்தது அந்த நோயாளிகளின் ஆரம்ப நிலைமை. நேர்மாறாகவும் நடக்கலாம்: ஆய்வு நல்லபடியாக முடியவேண்டும் என்ற ஆசையில், தேறுவார் போலத் தெரிகிறவர்களைப் புதுச் சிகிச்சைப் பக்கம் தள்ளுவது. இரண்டிலும் டாக்டரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் நல்ல டாக்டரின் பழக்கம். சிகிச்சைக்கு உதவும் அந்தப் பழக்கமே ஒப்பீட்டைக் கெடுத்துவிடுகிறது.

சரி, குலுக்கல் இதை எப்படிச் சரிசெய்கிறது? இருபது நோயாளிகள், அவர்களில் நால்வர் புகைப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பத்தாகக் குலுக்கிப் பிரித்தால் நால்வரும் ஒரே பக்கம் போய் விழ வாய்ப்பு உண்டு. நூறு தடவை குலுக்கினால் எட்டு, ஒன்பது தடவை அப்படி நடக்கும். இதை நம்பி முடிவுக்கு வர முடியாது. இப்போது ஆயிரம் பேர், அதில் 200 பேர் புகைப்பவர்கள். ஐந்நூறு ஐந்நூறாகக் குலுக்கிப் பிரித்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை ஒரு பக்கத்தில் இருக்கும் புகைப்பவர்கள் 88-க்கும் 112-க்கும் நடுவில்தான் இருப்பார்கள். ஆட்கள் கூடக்கூடத் தராசு தானாகவே நேராகிறது. பெரிய ஆய்வுகளுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் தேடுவது இதனால்தான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. புகைப்பவர்களைச் சமமாகப் பிரிக்கவேண்டும் என்று நாம் குலுக்கலுக்குச் சொல்லவே இல்லை. வயது, சர்க்கரை, வீட்டு வருமானம், பரம்பரை எதையுமே சொல்லவில்லை. அத்தனையையும் அது பிரித்துவிடுகிறது. விஞ்ஞானம் இன்னும் பெயர் வைக்காத ஏதோ ஒரு மரபணு நோயின் போக்கை மாற்றுகிறது என்றால், அதையும் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரித்துவிடும். எவ்வளவு கெட்டிக்கார டாக்டராலும் தனக்குத் தெரியாத ஒன்றைச் சமன் செய்ய முடியாது. குலுக்கலுக்கு அது முடிகிறது.

ஆனால் குலுக்கினால் மட்டும் போதாது, அதை ஒளிக்கவும் வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டுக்காரர்களுக்கு இது பத்தாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. குடவோலையில் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அவன் எடுத்துத் தரும் ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும் என்றுகூட விதி. விரலிடுக்கில் வேறு ஓலையை வைத்துக்கொண்டு மாற்றிவிடக்கூடாதே! மருத்துவ ஆய்வுகளிலும் பிரச்சினை அதேதான்.

பழைய ஆய்வுகளில் குலுக்கலுக்குப் பதிலாக மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள்: முதல் ஆளுக்கு மருந்து, அடுத்தவருக்கு இல்லை, அதற்கடுத்தவருக்கு மருந்து. பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் அடுத்தது என்ன என்று டாக்டருக்குத் தெரிந்துவிடுகிறது. வரிசையில் நிற்பவர் ரொம்ப மோசமாக இருந்தால், இவர் இந்த ஆய்வுக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். போச்சு!

1948-இல் பிரிட்டனில் வெளியான, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தின் ஆய்வுக்கு பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் வகுத்த முறை இந்த ஓட்டையை அடைத்தது. ஒதுக்கீட்டு வரிசை மூடி ஒட்டிய உறைகளுக்குள் இருந்தது. உறையின் மேல் மருத்துவமனையின் பெயரும் ஒரு எண்ணும் மட்டும். நோயாளியைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவான பிறகே உறையைப் பிரிக்கவேண்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். மருந்து இல்லாமல் படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். அந்த 52 பேரிடம் தாங்கள் ஆய்வில் இருக்கிறோம் என்றே சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இன்று ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலிக்கும் எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது.

உறைக்கும் வந்தது கேடு. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளே இருப்பதைப் படித்தவர்கள் உண்டு. அப்புறம் ஒளி ஊடுருவாத உறை வந்தது. இன்னொரு சூட்சுமமான ஓட்டையும் இருந்தது. இரு பக்கமும் எண்ணிக்கை சமமாக இருக்கட்டும் என்று நான்கு நான்கு பேராகக் குலுக்குவார்கள்: ஒவ்வொரு நான்கிலும் இரண்டு மருந்து, இரண்டு கட்டுப்பாடு (புது மருந்து பெறாமல் ஒப்பிட்டுப் பார்க்க இருக்கும் பக்கம்). மூன்று உறை பிரித்தாயிற்று. மருந்து, கட்டுப்பாடு, மருந்து. நாலாவது என்ன? உறையைப் பிரிக்காமலே நமக்கே தெரிகிறதே! அதனால் நான்கு, ஆறு, எட்டு என்று தொகுதியின் அளவையும் மாற்றி மாற்றிக் குலுக்கி, அதையும் டாக்டரிடம் சொல்லாமல் வைப்பார்கள். இப்போது பெரும்பாலும் மத்திய கம்ப்யூட்டர். நோயாளியின் விவரம் பதிவாகி, இனி டாக்டர் ஆளை மாற்ற வழியில்லை என்ற நிலைக்குப் பிறகே ஒதுக்கீடு திரையில் வரும். வாசகியிடம் கம்ப்யூட்டர் சொல்லும் என்றார்களே, அதன் பொருள் இதுதான். அந்தக் கம்ப்யூட்டர் டாக்டரைவிட அறிவாளி கிடையாது, ஒன்றும் அறியாத சிறுவன்தான்.

சேத்துப்பட்டுக்குத் திரும்புவோம். வீட்டு நோயாளிகள் உண்மையில் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். எதிர்பார்த்தபடியே சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக ஓய்வெடுத்து, எடையும் அதிகமாக ஏறினார்கள். வருட முடிவில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஒவ்வொரு பக்கமும் நூறு பேருக்கும் குறைவு என்பதால் இந்த இடைவெளி ஐந்தாறு பேர்தான், தற்செயலாகவே வரக்கூடியது. குடும்பத்தாரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், நோயாளி வீட்டில் இருந்ததால் தொற்று கூடவில்லை. குடிசையும் குறைச் சாப்பாடும் மருந்தைத் தோற்கடிக்கவில்லை. சிகிச்சையின் ஒரு வருட முடிவு 1959-இலேயே வெளியானது. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வெளியே வர அது பெரிய காரணம்.

இதே முறை மற்ற வார்டுகளிலும் பல நம்பிக்கைகளைக் கவிழ்த்திருக்கிறது. வாசகியின் அப்பா இதய வார்டில் இருப்பதால் காஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வைச் சொல்கிறேன். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயம் இடையிடையே தப்புத் துடிப்பு துடித்தால் திடீர் மரணத்துக்கு வாய்ப்பு கூடும். எனவே துடிப்பை அடக்கும் மருந்து கொடுத்தால் உயிர் தப்பும் என்பது அன்றைய நம்பிக்கை. என்கைனைடு, ஃப்ளெகைனைடு கொடுத்தால் ஈசிஜி அழகாக இருக்கும். குலுக்கிப் பார்த்தார்கள். சுமார் பத்து மாதத்தில் மருந்து பெற்ற 755 பேரில் 63 மரணம், மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26. துடிப்பு அடங்கியது, ஆள் போய்விட்டார். 1989-இல் ஆய்வின் அந்தப் பகுதியை அவசரமாக நிறுத்தினார்கள். தனி ஒரு டாக்டரால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. மாரடைப்பு வந்தவர் இறந்தால் மாரடைப்பால் இறந்தார் என்றுதானே தோன்றும்?

தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இப்படித்தான். இரத்தச் சர்க்கரையை ஆரோக்கியமானவரின் அளவுக்கே இறுக்கிப் பிடிப்பது நல்லது என்று நினைத்தார்கள். 2009-இல் வந்த நைஸ்-சுகர் ஆய்வில் ஆறாயிரம் பேருக்கு மேல். இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதம் பேர் 90 நாளுக்குள் இறந்தார்கள், தளர்த்தி விட்டவர்களில் 24.9.

கொரோனா காலத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். பிளாஸ்மா (குணமானவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) வேண்டும், இந்த ரத்த வகை, அவசரம் என்று வாட்ஸ்அப்பில் இரவு பகலாகச் செய்தி ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் பிளாஸ்மாவில் பிழைத்தார் என்ற கதை எல்லாத் தெருவிலும் இருந்தது. ஐசிஎம்ஆர் 39 மருத்துவமனைகளில் 464 பேரைக் குலுக்கிப் பிரித்துப் பார்த்தது. நோய் முற்றியவர்கள் அல்லது இறந்தவர்கள் பிளாஸ்மா பக்கம் 19 சதவீதம், மறுபக்கம் 18. முடிவு 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. சிகிச்சை நெறிமுறையிலிருந்து பிளாஸ்மாவை நீக்கியதோ 2021 மே மாதம்தான். இடையில் வந்த இரண்டாம் அலையில் பிளாஸ்மாவுக்காக அலைந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. நல்ல ஆய்வு, நம் நாட்டு டாக்டர்கள் செய்தது, நம் வரிப்பணத்தில் செய்தது. அதைக் கேட்க ஆளில்லை.

அதே 2020-இல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு டெக்ஸாமெத்தசோனைச் சோதித்தது. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் பழைய, மலிவான ஸ்டீராய்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 41.4 சதவீதம் பேர் இறந்தார்கள், இந்த மருந்தும் பெற்றவர்கள் 29.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ இதனால் பலன் தெரியவில்லை, கெடுதலின் சாயல்கூட இருந்தது. லேசான காய்ச்சலுக்கே முதல் நாளிலிருந்து ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் கவனிக்கவேண்டிய வரி அது. இந்த மாதிரி ஆய்வைப் பெரிய கம்பெனி எதுவும் நடத்தாது. காப்புரிமை முடிந்த மாத்திரையில் என்ன லாபம்? அரசு பணம் போட்டால்தான் உண்டு. நம் அரசு மருத்துவமனைகளில் ஒரு நாளைக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால், குலுக்கிச் சோதிக்கவேண்டிய கேள்விகளும் ஆட்களும் அங்கே குவிந்து கிடப்பது தெரியும். பதிவு செய்ய ஆளும், தொடர்ந்து விசாரிக்க ஆளும், அதற்குச் சம்பளமும்தான் இல்லை.

சரி, அப்பா விஷயம். குலுக்கல் நியாயமாக இருக்க ஒரு நிபந்தனை உண்டு: இரண்டில் எது நல்லது என்று மருத்துவ உலகத்துக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கவேண்டும். தெரிந்திருந்தால் குலுக்குவது தப்பு. எனவே முதலில் டாக்டரிடம் அதைத்தான் கேளுங்கள். மறுபக்கம் விழுந்தால் அப்பாவுக்கு என்ன கிடைக்கும் என்றும் கேளுங்கள். இன்றைய வழக்கமான சிகிச்சை முழுமையாகக் கிடைக்கும் என்ற பதில் வரவேண்டும். புது மருந்து கிடைக்காதவர் ஏமாந்தவர் என்று நினைக்கவேண்டாம், காஸ்ட் ஆய்வில் தப்பித்தவர்கள் வெற்று மாத்திரைக்காரர்கள்தான்.

சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். உடனே கையெழுத்துப் போட வேண்டியதில்லை, படித்துப் பார்க்க நேரம் கேட்கலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு என்று படிவத்தில் எழுதியிருக்கவேண்டும், நெறிமுறைக் குழுவைத் தொடர்பு கொள்ளும் விவரமும் இருக்கவேண்டும். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளைச் சிடிஆர்ஐ என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009-இலிருந்து கட்டாயம். அந்தப் பதிவு எண்ணை வாங்கி இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். எத்தனை பேர், எதை எதோடு ஒப்பிடுகிறார்கள், எதை வெற்றி என்று கணக்கிடப் போகிறார்கள் எல்லாம் அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஈசிஜி சீராவதை மட்டும் வெற்றி என்று எழுதியிருந்தால், ஏன் என்று கேளுங்கள். சேர்ந்த பிறகு மனசு மாறினால் எந்த நாளிலும் விலகலாம், காரணம் சொல்லவேண்டாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் குறைக்க முடியாது.