வெள்ள நிவாரணம் 1,000 ரிங்கிட்: பதிவில்தான் பலருக்கும் சிக்கல்

மலேசியாவில் வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு, நட்மா எனும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் வழியாக அரசு தரும் உதவி ‘வாங் இஹ்சான்’. குடும்பத் தலைவர் ஒருவருக்கு 1,000 ரிங்கிட். ஆளுக்கு ஆயிரம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, அப்படி இல்லை. இது சேதத்துக்கு ஈடும் அல்ல. மெத்தை மட்டும் நனைந்தாலும் ஐஸ்பெட்டி, சலவை இயந்திரம் எல்லாம் போனாலும் தொகை அதேதான்.

வீட்டைவிட்டு வெளியேறினால் முதல் வேலை, பிபிஎஸ் எனப்படும் தற்காலிக நிவாரண மையத்தில் பெயர் பதிவது. அங்கே சமூகநலத் துறை எடுக்கும் பட்டியல்தான் பின்னால் சரிபார்ப்புக்கு வலுவான ஆதாரம். அக்காள் வீட்டிலோ மாமா வீட்டிலோ தங்கப் போகிறவர்களும் தகவலைப் பதிந்துவிட்டுப் போவது நல்லது. பினாங்கில் கம்பத்துக் குழுவான எம்பிகேகே தலைவரிடமும் சொல்லி வையுங்கள். எல்லாருடைய மைகாட் அடையாள அட்டையும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் கையில் இருக்கட்டும்.

அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். குடியிருப்பது பினாங்கின் ஜெலுத்தோங்கில், மைகாட்டில் இருப்பதோ பேராக்கின் தைப்பிங் முகவரி. ஜெலுத்தோங்கில் வசிப்பதை எப்படிக் காட்டுவது? வாடகை ஒப்பந்தம், மின்சார பில், தண்ணீர் பில் என எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். வீடு மாறிய 30 நாளுக்குள் மைகாட் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டம். மழைக்காலத்துக்கு முன்பே அதை முடித்துவிடலாம். ஒரே வீட்டில் அப்பா குடும்பமும் மகன் குடும்பமும் இருந்தால் பதியும்போதே அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். பட்டியல் மேலே போன பிறகு திருத்துவது பெரும்பாடு. வங்கிக் கணக்கு குடும்பத் தலைவர் பெயரில், நடப்பில் இருக்க வேண்டும். ஓராண்டாகத் தொடாத கணக்கு முடங்கியிருக்கலாம்.

தண்ணீர் வடிந்ததும் கழுவத்தான் கை பரபரக்கும். முதலில் படம் எடுங்கள்: சுவரில் சேறு நின்ற கோடு, பக்கத்தில் அளவு நாடா, வாசலில் வீட்டு எண். மூன்று படம் போதும், பிறகு வாளியைத் தூக்கலாம். கழுவும்போது பூட்ஸ், கையுறை வேண்டும். அந்தச் சேற்றில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

எச்சரிக்கையைப் பொறுத்தவரை, வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்’ தளத்தில் ஆற்று மட்டம் நான்கு நிலைகளில் தெரியும்: நோர்மல் (இயல்பு), வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து). அமாரான் வந்தால் மெயின் சுவிட்சை அடைத்து, பத்திரங்கள் வைத்த பையோடு கிளம்பும் நேரம். தண்ணீர் ஏறிய பிறகு ஈரக்காலோடு சுவிட்சைத் தொடக் கூடாது. பினாங்கில் கடல் ஏற்ற நேரத்தையும் பாருங்கள். ஏற்றத்தில் மழை கொட்டினால் சுங்கை பினாங் ஆற்று நீர் கடலில் இறங்க வழியின்றித் தேங்கும். கோலாலம்பூரில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களின் சாயங்கால மழைதான் திடீர் வெள்ளத்துக்குப் பெயர்போனது.

கார் இந்த உதவியில் சேராது. முழுக் காப்புறுதி இருந்தாலும், ‘ஸ்பெஷல் பெரில்ஸ்’ எனும் இயற்கைப் பேரிடர் காப்பைக் கூடுதலாக வாங்காவிட்டால் பொதுவாக வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது. மூழ்கிய காரை மட்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீர் பிஸ்டன் கம்பியையே வளைத்துவிடும். பேட்டரி வயரைக் கழற்றி, இழுவை லாரியை வரச் சொல்லுங்கள்.