முதுகு தேய்க்கும் தண்ணீர்க் குழாய்கள்

கடையில் உடம்பு தேய்க்க 'லூஃபா' என்று விற்பதைக் கடலில் எடுத்த பஞ்சு என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. கடற்பஞ்சு ஒரு விலங்கு. லூஃபாவோ கொடியிலேயே முற்றிக் காய்ந்த பீர்க்கின் உள்கூடு. பீர்க்கங்கூடு என்று நம் பாட்டிமார் அழைத்ததுதான், அரபுப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது.

பெயரின் பயணம் வேடிக்கையானது. அரபியில் இது 'லூஃப்'. எகிப்துக்குப் போயிருந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் யோஹான் வெஸ்லிங், 1638இல் இதை விவரித்து எழுதினார். அந்தச் சொல்லே பின்னர் பேரினத்தின் பெயராகி, இன்று இதன் அறிவியல் பெயர் 'லூஃபா எஜிப்டியாகா'. எகிப்து இதன் தாயகமே அன்று, பிறந்தது ஆசியாவில்.

நாம் கூட்டு வைக்கும் வரிப்பீர்க்கு இதன் உடன்பிறப்பு. அதன் பூ மாலையில் விரியும். இதன் பூ விடியலில். மேலே வரிமேடுகள் இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும் இதற்குத் தமிழில் நுரைப்பீர்க்கு, மெழுகுபீர்க்கு என்று பெயர். தெலுங்கர் 'நேதி பீரகாய' என்கிறார்கள், கன்னடர் 'துப்பத ஹீரேகாயி' என்கிறார்கள். இரண்டுக்கும் நெய்ப்பீர்க்கு என்றே பொருள். பால் கன்னடத்தில் 'ஹாலு' ஆனதுபோல், பீர் 'ஹீரே' ஆகியிருக்கிறது. குளியலறையை நினைத்துப் பெயர் வைத்தவர்கள் நாம். அவர்கள் அடுக்களையை நினைத்திருக்கிறார்கள்!

இனி அந்தக் கூட்டுக்கு வருவோம். ஒவ்வொரு காய்க்குள்ளும் நீரையும் உணவையும் கொண்டுசெல்லும் நுண்குழாய்க் கற்றைகள் உண்டு. பிஞ்சில் அவை மென்மையானவை, பல்லில் தட்டுப்படாது. காய் முற்ற முற்ற அவற்றின் சுவர்களில் லிக்னின் என்ற பொருள் படிகிறது. மரத்துக்கு உறுதி தருவதும் இதே பொருள்தான். 'நார் பாய்ந்துவிட்டது' என்று வெண்டைக்காயை ஒதுக்குகிறோமே, அதே கதை. ஆனால் நுரைப்பீர்க்கில் இந்தக் கற்றைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிளைத்துப் பின்னிக்கொள்கின்றன. சதை வற்றியதும் வலை மட்டும் மிஞ்சுகிறது. அதாவது, நாம் முதுகு தேய்ப்பது செடியின் பழைய தண்ணீர்க் குழாய்களால்.

செடிக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. காய்ந்த காயின் நுனியில் சிறு மூடி கழன்று விழும். காற்றில் காய் ஆடும்போது, வலைக்குள் இருக்கும் மூன்று நீண்ட அறைகளிலிருந்து கறுத்த தட்டை விதைகள் உதிர்கின்றன.

உலர்ந்த கூடு விறைப்பாகச் சுரண்டும்; நனைந்தால் நாரிலுள்ள செல்லுலோஸ் நீரை இழுத்து ஊறி, வளைந்துகொடுக்கும். இடுக்குகளில் தங்கிய காற்றைப் பிழியும்போது அது சோப்பு நீரில் கலந்து நுரையாகிறது. பெயர்க்காரணம் இதுதான்.

பாத்திரம் துலக்கவும் இது உதவும். இரண்டாம் உலகப் போருக்கு முன், ஜப்பானிலிருந்து வாங்கிய கூடுகளைக் கப்பல் எஞ்சின்களில் வடிகட்டியாக அமெரிக்கர் பயன்படுத்தினர். ஜப்பானியர் தண்டை வெட்டி வடியும் நீரை முகத்தில் பூசிக்கொள்வார்கள்.

வீட்டிலேயே செய்யலாம். காய் பழுப்பாகி, கனம் குறைந்து, குலுக்கினால் விதை சத்தம் கேட்கும்வரை கொடியில் விட்டுவிடுங்கள். ஊறவைத்துத் தோலை உரித்து, விதையை உதறி, வெயிலில் காயவைத்தால் போதும். குளித்தபின் ஈரத்தோடு மூலையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும்; பிழிந்து தொங்கவிட வேண்டும். பிஞ்சைச் சமைப்பதானால் ஒரு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் குக்கர்பிட்டசின் என்ற நச்சு இருக்கிறது என்று பொருள். வேகவைத்தாலும் போகாது, எறிந்துவிடுங்கள்.