கிருமி அறுத்தால் திறக்கும் ஜெல்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சர்க்கரை நோயாளியான அப்பாவின் கால் புண்ணுக்கு ஜெல் வைத்துக் கட்டினார்கள். கிருமி இருந்தால் மட்டும் மருந்தை விடும் ஜெல்லும் இருக்கிறதாமே, கிருமி இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?"

அதற்கு ஒன்றும் தெரியாது. கிருமி சுரக்கும் பொருள் பட்டால் அறுபடும் முடிச்சுகளை வைத்துப் பின்னியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஹைட்ரோஜெல் என்பது நீண்ட பாலிமர் இழைகளை ஆங்காங்கே முடிச்சிட்டு, நடுவே நீரைத் தேக்கிய வலை. எடையில் 90 சதவீதம்கூட நீராக இருக்கலாம். குச்சிக்கிழங்கு மாவிலிருந்து சேலத்து ஆலைகள் செய்யும் ஜவ்வரிசி, வெந்ததும் கரையாமல் கண்ணாடிபோல் உப்பி நிற்கிறதே, அதே சங்கதி.

பிஎச், அதாவது அமில-கார அளவு, மாறினால் உப்பும் ஜெல்கள் பல உண்டு. நலமான தோலின் பிஎச் 4 முதல் 6 வரை. ஆறாத புண்ணில் 7-ஐத் தாண்டும். எனக்கு இவற்றில் பெரிய நம்பிக்கை இல்லை. புண்ணின் மேற்பரப்பு காரமாக இருக்கும்போதே கிருமிப் படலத்துக்குள் அமிலம் தேங்கியிருக்கும். ஜெல் எதை நம்புவது?

அழகான வழி வேறு. பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகைக் கிருமிக்கொல்லி மருந்துகளில் நான்கு அணுக்களாலான சதுர வளையம் ஒன்று உண்டு. நெருக்கி மடக்கிய பிணைப்புகள் என்பதால் எளிதில் பிளக்கும். இம்மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியா பலவும் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து, நீர் மூலக்கூறு ஒன்றைப் புகுத்தி அதைப் பிளந்துவிடும்; மருந்து வீண். பெனிசிலின் புழக்கத்துக்கு வருமுன்பே, 1940-ல், ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஆபிரகாமும் செயினும் இத்தகைய நொதியைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

செஃபலோஸ்போரினில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சதுரம் பிளந்ததும் எலக்ட்ரான்கள் பக்கத்து அறுகோண வளையத்தின் வழியே நகர்ந்து, அதன் ஓரத்தில் தொங்கும் துண்டைக் கழற்றி உதறும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் அனிதா சுக்லாவின் குழு இதைப் பிடித்துக்கொண்டது. செஃபலோஸ்போரினின் ஒரு பக்கத்தை ஓர் இழையிலும், கழன்று விழும் பக்கத்தை மற்றோர் இழையிலும் மாட்டினால் அதுவே முடிச்சு. நொதி பட்டால் முடிச்சு அவிழும், ஜெல் கரையும், உள்ளே அடைத்த, மருந்து ஏற்றிய நானோ துகள்கள் வெளியேறும். ஒரு மருந்தை முறிக்கப் பாக்டீரியா வைத்திருக்கும் ஆயுதமே இன்னொரு மருந்தைத் தன்மேல் அவிழ்த்துவிடுகிறது!

துகள் எதற்கு? மருந்து மூலக்கூறு சுமார் 1 நானோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வலைக்கண் அதைவிடப் பெரிது. சும்மா கலந்தால் கிருமி வந்தாலும் வராவிட்டாலும் ஒழுகிவிடும். அதனால் வலைக்கண்ணில் சிக்கும் அளவுத் துகளில் ஏற்ற வேண்டும். முடிச்சு குறைந்தால் துகளும் நழுவும். மிகுந்தால் சில நானோமீட்டர் அகலமுள்ள நொதி உள்ளே நுழையாது, ஜெல்லின் மேற்பரப்பு மட்டும் மெல்லக் கரையும்.

எல்லாக் கிருமிக்கும் இது திறக்காது. தோலையும் தொண்டையையும் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற பாக்டீரியா இந்த நொதியைச் சுரப்பதே இல்லை. பெனிசிலின் வகை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் யோசித்தே வைக்க வேண்டும்.

மருந்துக் கடைக்கு இது இன்னும் வரவில்லை. புதுப் புது ஜெல் செய்யக் கிடைக்கும் ஆய்வுப் பணம், நோயாளியின் காலில் மாதக்கணக்கில் வைத்துப் பார்க்கும் சலிப்பான சோதனைக்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

இப்போது கடையில் விற்பது பெரும்பாலும் சாதாரண ஈர ஜெல். காய்ந்த புண்ணுக்கு நல்லது. நீர் வடியும் புண்ணில் வைத்தால் ஓரத்தோல் ஊறி, வெளுத்துப் பிய்ந்துபோகும். ஏற்காட்டுக் காப்பித்தூளைப் புண்ணில் அப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ரத்தம் நிற்பதுபோல் தெரியும். ஆனால் பொடி சதைக்குள் சிக்கி, கழுவினாலும் போகாமல், கிருமிக்கு ஒதுங்க இடம் கொடுக்கும்.