கயாக் ஆடினால்தான் இடுப்பு பழகும்

கடல் கயாக், அதாவது மேல்தட்டுக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து இருமுனைத் துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய படகு, வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "ரொம்ப ஆடுமா?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் ஏரியில் துளியும் ஆடாத கயாக்தான் பக்க அலையில் ஆளைக் கவிழ்க்கத் தோதானது. ஓட்டவும் அது அவ்வளவாகக் கற்றுத்தராது.

படகு சாயும்போது சாய்ந்த பக்கம் கூடுதலாக நீரில் அமிழ்கிறது. மிதப்பு விசையின் மையமும் அந்தப் பக்கம் நகர்ந்து படகை நிமிர்த்தப் பார்க்கிறது. நீளமும் எடையும் மாறாதிருந்தால், வடிவத்தால் கிடைக்கும் இந்த நிமிர்த்தும் வலு அகலத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. நீர்மட்டத்தில் 60 செ.மீ. அகலத்தை 54 ஆக்கினால் குறைவது பத்தில் ஒரு பங்கு அகலம்தான். போவதோ நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட வலு. ஓட்டுபவரின் எடை நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் வரும் கவிழ்க்கும் போக்கை இதிலிருந்து கழிக்க வேண்டும். இருக்கையை இரண்டு செ.மீ. உயர்த்தினாலே வேறு படகில் ஏறியதுபோல் இருப்பது இதனால்தான்.

சரி, படகு எதைப் பார்த்து நிமிர்கிறது? இங்கேதான் சூட்சுமம். அகலமான, தட்டையடிப் படகு நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடக்கவே பார்க்கும். ஏரியில் பரப்பு சமம், படகும் சமம். பக்கவாட்டில் செங்குத்தான அலை வந்தால் பரப்பே சாய்கிறது. படகு ஆளையும் சேர்த்துச் சாய்க்கிறது. குறுகலான, உருண்ட அடியுள்ள படகு இப்படி அடம்பிடிக்காது. இடப்பக்கம் அலை எழும்போது இடது புட்டத்தில் எடையை இறக்கி, வலது முழங்காலால் மேல்தட்டை அடியிலிருந்து லேசாகத் தூக்கினால் போதும். படகு அலைப்பக்கம் சாயும், முதுகுத்தண்டு நேராக நிற்கும். இந்த அசைவைத் தட்டையடிப் படகில் வருஷக்கணக்கில் ஓட்டியும் கற்காமலே இருந்துவிடலாம்.

திருப்பத்துக்கும் இதே சாய்ப்புதான். வலப்பக்கம் திரும்ப, படகை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். புதியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். சாயும்போது நீருக்குள் இருக்கும் வடிவம் மாறி, இரு முனைகளின் பிடியும் தளர்கிறது. முனைகள் சற்றே மேலெழும்பிய அடிகொண்ட படகு உடனே வளையும். நேரான அடியுள்ள நீளப் படகு காதிலேயே போட்டுக்கொள்ளாது.

அப்புறம் காற்று. முன்னேறும் கயாக்கின் மூக்கு நீரைப் பிளந்து செல்வதால் அங்கே பிடி அதிகம். பின்முனை கலங்கிய நீரில் தளர்ந்து கிடக்கும். பக்கக் காற்று பின்முனையைத் தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்பிவிடும். பின்னால் கீழிறங்கும் ஸ்கெக் என்ற சிறு தகடு பின்முனையைப் பிடித்து நிறுத்தும், அவ்வளவுதான். சுக்கான் திருப்பவும் செய்யும். நீண்ட பயணத்தில் அது சுகம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் காலால் மிதித்தே திருப்பிப் பழகியவருக்குச் சாய்க்கும் தேவையே வராது. முன்னும் பின்னும் நகரும் பழைய வகை மிதிகளில் பாதம் உறுதியாக ஊன்றாது. பாதம் ஊன்றாமல் முழங்கால் இறுகாது. அலை முகட்டில் சுக்கான் நீருக்கு வெளியே நிற்கும் நொடியில் கைவசம் வேறு வித்தை இருக்காது.

கிரீன்லாந்தின் இனுயிட்டுகள் வேட்டைக்காரரின் உடல் அளவுக்கே கயாக் கட்டினார்கள். 1959இல் இல்லோர்சூயிட் கிராமத்தில் கென் டெய்லர் என்ற ஸ்காட்லாந்து மாணவருக்காக அப்படிக் கட்டப்பட்ட ஒன்று கிளாஸ்கோ வந்து, பிரிட்டனின் கடல் கயாக்குகள் பலவற்றுக்கு முன்மாதிரியானது. 1975இல் நார்வேயின் வடகோடிப் பயணத்துக்கென ஃபிராங்க் குட்மேன் நார்ட்காப் என்ற கயாக்கை வடிவமைத்தார். பல நாள் பயணச் சுமைக்கான படகு அது. காலியாக ஓட்டினால் துறுதுறுக்கும்; கூடாரமும் சாப்பாடும் தண்ணீரும் ஏற்றினால் அடங்கிவிடும்.

அதற்காக, இருப்பதிலேயே அதிகம் ஆடும் படகை முதலில் வாங்குவதும் வீண். பயந்த உடம்பு விறைக்கும், இடுப்பு பூட்டிக்கொள்ளும், துடுப்பு வெறும் ஊன்றுகோலாகிவிடும். கொஞ்சம் குறுகலான, தொடையில் கச்சிதமாகப் பொருந்தும், ஸ்கெக் வைத்த படகை எடுங்கள் என்பேன். ஆட்டம் மிரட்டினால் தண்ணீர் நிரப்பிய கேன்களை இருக்கைக்கு அருகே, தாழ்வாக, நகராதபடி கட்டி வைக்கலாம். பழகப் பழக ஒவ்வொன்றாகக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.