சீருடைக்கு ஒரு வருடம் முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

கடற்படையின் கல்விக்கழகம் 1967 முதல் திருகோணமலையில்தான் இருக்கிறது. விமானப்படைக் கல்விக்கழகம் சீனன்குடாவில். பக்கத்திலேயே இருந்தும், நம் பிள்ளைகளில் பலர் ஆட்சேர்ப்பு அறிவித்தல் வந்த பிறகுதான் கடதாசி தேடத் தொடங்குகிறார்கள். முடிவுத் திகதிக்குள் செய்து முடிக்க முடியாத வேலைகள் சில உண்டு.

முதலாவது பெயர். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேறு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடும், குறையும். தகப்பனின் முதலெழுத்தும் மாறியிருக்கும். நேர்முகப் பரீட்சையில் முதலில் கேட்பது இதைத்தான். சிறு வித்தியாசத்துக்குச் சத்தியக் கடதாசி போதலாம். பிறப்புப் பதிவையே திருத்துவதென்றால் பிரதேச செயலகத்தில் மாதக்கணக்கில் இழுபடும். யுத்தத்திலும் இடப்பெயர்விலும் பத்திரங்கள் தொலைந்த குடும்பங்கள் இதை இன்றே பார்க்க வேண்டும்.

அடுத்தது உடம்பு. நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து இருமுறை வகுத்துப் பாருங்கள். 1.70 மீற்றர் உயரமுள்ளவர் 50 கிலோ என்றால் 17.3 வரும், ஆரோக்கிய எல்லை 18.5இல் தொடங்குகிறது. 54 கிலோவுக்கு வந்தால் 18.7. கடைசி வாரத்தில் வாழைப்பழம் தின்று இதைச் சரிக்கட்ட முடியாது, நான்கைந்து மாதச் சாப்பாடு வேண்டும். சொத்தைப் பல்லையும் முன்பே அடைத்துவிடுங்கள்.

நிறப்பார்வையை மட்டும் எந்தப் பயிற்சியாலும் மாற்ற முடியாது. இரவில் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பதை அந்த நிறத்தை வைத்தே அறிவார்கள். அதனால் கண் வைத்தியரிடம் முதலிலேயே காட்டுங்கள். பரீட்சை நாளில் தெரியவந்தால் ஒரு வருடம் வீணாகும், மனமும் உடையும்.

நீச்சலுக்கு உப்புவெளிக் கடல் நல்லதுதான். ஆனால் ஐப்பசி முதல் தை வரை வாடைக் காலம், தனியே இறங்க வேண்டாம்.

மொழியைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மைதானத்துக் கட்டளையும் விடுதிப் பேச்சும் பெரும்பாலும் சிங்களம். கட்டளை விளங்காமல் அரை வினாடி பிந்தும் பிள்ளையைச் சோம்பேறி என்று எடுத்துவிடுவார்கள். தினம் அரை மணி நேரம், ஆறு மாதம் பேசிப் பழகுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. ஓய்வூதியத்தை மட்டும் விசாரிக்காமல், சேவைக்கால நிபந்தனையைப் பிள்ளையோடு இருந்து வாசியுங்கள். விடுமுறையில் வந்தவர் திரும்பிப் போகாமல் வீட்டில் நின்றால் சட்டப்படி அது குற்றம், கைதுவரை போகும்.

இத்தனையையும் பிள்ளையே அலைந்து செய்யட்டும். மாமாவும் தரகரும் படிவம் நிரப்பிக் கொடுத்துப் பழகியவருக்கு, இயந்திர அறையில் வெப்பமானி ஏறும்போது யாரும் கேட்காமலே மேலதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொல்லும் பழக்கம் எங்கிருந்து வரும்?