கோடை உறக்கத்தில் உருவாகும் குங்குமப்பூ

வீட்டுத் தோட்டத்தில் குங்குமப்பூ வளர்க்க முயன்று தோற்றவர்கள் பலர் செய்யும் பிழை ஒன்றுதான். கோடை தொடங்கும்போது இலைகள் பழுத்துக் காய்ந்து, தரைக்கு மேல் எதுவுமே தென்படாத நிலையில், செடி வாடிவிட்டதோ என்று அஞ்சித் தண்ணீர் ஊற்றுகிறார்கள். உள்ளே இருக்கும் கிழங்கு அழுகிவிடுகிறது. உண்மையில் அடுத்த பருவத்துக்கான பூக்கள் உருவாவது வறண்டு கிடக்கும் அந்த மாதங்களில்தான்.

பெயரில் பூ இருந்தாலும், நாம் குங்குமப்பூ என்று பயன்படுத்துவது முழுப் பூவை அன்று. ஊதா நிறத்தில் ஆறு இதழ்கள், மஞ்சள் நிறத்தில் மூன்று மகரந்தத்தாள்கள், நடுவே மூன்றாகப் பிரியும் சிவந்த சூலகமுடி என்பது மலரின் அமைப்பு. அந்தச் சிவப்பு இழைகள் மட்டுமே அறுவடைக்கு உரியவை. குரோக்கஸ் சட்டைவஸ் என்னும் இத்தாவரத்தின் செல்களில் எட்டு குரோமோசோம்கள் மும்மூன்றாக, மொத்தம் 24 உள்ளன. மூன்று தொகுதிகளை இரண்டாகச் சமமாகப் பங்கிட இயலாது என்பதால் வளமான மகரந்தமோ விதையோ உருவாவதில்லை. ஆகவே இதைக் கிழங்கிலிருந்து மட்டுமே பெருக்க முடியும். இதற்கு விதை என்று யாரேனும் விற்றால் அது வேறு ஏதோவொரு செடியின் விதை. கிரேக்க நாட்டில் காட்டுச்செடியாக வளரும் குரோக்கஸ் இனம் ஒன்றே இதன் மூதாதை என்பதை மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.

தாவரவியலார் கந்தம் என்று அழைக்கும் இக்கிழங்கு, வெங்காயத்தைப் போல ஏடு ஏடாக இராமல், மாவுச்சத்து நிறைந்த திண்மையான தண்டாக, பழுப்பு நிற நார்ச்சட்டை போர்த்தி இருக்கும். கோடையில் இதன் உச்சி மொட்டுக்குள் முதலில் இலைகளும் பின்னர் பூக்களும் நுண்ணிய வடிவில் உருப்பெறுகின்றன. பூக்கள் நன்கு உருவாக 23 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் 50 நாட்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். உருவானவை வெளிவருவதற்கோ வெப்பம் ஏறக்குறைய 17 டிகிரிக்கு இறங்க வேண்டும். முதலாவது கிடைக்காவிட்டால் இலை மட்டுமே வரும். இரண்டாவது கிடைக்காவிட்டால் உருவான மொட்டு உள்ளேயே கருகிவிடும். ஆண்டு முழுவதும் வெப்பம் குறையாத இடங்களில் குளிரூட்டிய அறையின்றி இதை வளர்ப்பது வீண்செலவு என்றே சொல்வேன். வேண்டிய உணவு முழுவதும் கிழங்கிலேயே இருப்பதால், மண்ணோ தண்ணீரோ இல்லாமல் தட்டில் அடுக்கி வைத்த கிழங்குகள்கூட உரிய குளிர்ச்சி கிடைத்ததும் பூத்துவிடுகின்றன.

மண்ணில் நடுவதாயின் கோடை முடியும் தறுவாயில், நல்ல வெயில் படும் இடத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில், கிழங்குக்குக் கிழங்கு 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, முளைப்பகுதி மேலே இருக்குமாறு நட வேண்டும். தண்ணீர் தேங்காத மணற்பாங்கான மண்ணே முதல் தேவை. ஈரம் நின்றால் ஃபியூசேரியம் பூஞ்சை கிழங்கை அழுகச் செய்யும். எலிகளுக்கும் இக்கிழங்கு பிடிக்கும் என்பதால் கம்பிவலை விரிப்பது நல்லது.

குளிர் தொடங்கியதும் வெண்ணிற உறை ஒன்று ஈட்டிமுனைபோல் மண்ணைத் துளைத்து எழும்; பின்னர் அதன் நுனி கிழிந்து ஊதா மொட்டு நீளும். ஒரு பூவின் பொலிவு ஓரிரு நாட்களுக்குமேல் நிற்காது. காலையில், இதழ்கள் முழுமையாக விரியும் முன்னரே பூவைக் கொய்து, நிழலில் அமர்ந்து, சிவப்பு முடிந்து மஞ்சள் தொடங்கும் இடத்தில் இழையை நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். உலர்ந்த நிலையில் ஒரு கிராம் கிடைக்க ஏறத்தாழ 150 பூக்கள் வேண்டும். இதே பருவத்தில் பூக்கும் கொல்சிகம் என்னும் செடி பார்வைக்கு ஒத்திருந்தாலும் கொடிய நஞ்சுடையது. அதில் ஆறு மகரந்தத்தாள்கள் இருக்கும். ஐயம் எழுந்தால் எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

புதிதாகப் பறித்த இழையில் நாம் அறிந்த மணம் அவ்வளவாக இராது. ஸீஸாந்தின் என்னும் மஞ்சள் நிறமியின் மூலக்கூறைச் செடி தனக்குள் துண்டாக்கும்போது, நடுத்துண்டு நிறம் தரும் குரோசினாகவும், ஓரத்துண்டுகள் கசப்பு தரும் பிக்ரோகுரோசினாகவும் மாறுகின்றன. கேரட்டின் நிறமி எண்ணெயில் கரைவது. அதே குடும்பத்தைச் சேர்ந்த குரோசினோ, சர்க்கரை மூலக்கூறுகள் ஒட்டியிருப்பதால் நீரில் கரைகிறது. இழையை உலர்த்தும்போது வெப்பத்தால் பிக்ரோகுரோசின் தன் சர்க்கரையை இழந்து சாஃப்ரனால் ஆகிறது. மணத்தின் பெரும்பங்கு அதனுடையது. காகிதத்தில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, 50 முதல் 60 டிகிரி வெப்பத்தில், வளைத்தால் முறியும் பதம் வரும்வரை உலர்த்தினால் எடை ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். ஒளி குரோசினைச் சிதைக்கும் என்பதால் காற்றுப் புகாத புட்டியில் இட்டு இருட்டில் வைக்க வேண்டும்.

பூ முடிந்தபின் பலர் செடியை மறந்துவிடுகிறார்கள். புல்போன்ற இலைகள் குளிர்காலம் முழுவதும் சேர்க்கும் உணவைக் கொண்டே தாய்க்கிழங்கின் மேற்புறத்தில் சேய்க்கிழங்குகள் பருக்கின்றன. தாய் சுருங்கி மறைகிறது. பச்சை இலையை அறுத்தால் அடுத்த ஆண்டுப் பூவையே அறுத்ததாகும். சேய்கள் மேலே உருவாவதால் கிழங்குகள் ஆண்டுதோறும் மேலேறி நெருக்கமடையும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, இலை காய்ந்தபின் தோண்டிப் பிரித்து நட வேண்டும். எட்டு கிராமுக்குக் குறைந்த சேய்கள் பெரும்பாலும் பூப்பதில்லை. அவற்றைத் தனி வரிசையில் நட்டு, ஓராண்டு இலையோடு விட்டுவிட்டால் பருத்துவிடும்.